கணினி அறிவோம்: அலுவலக மின்னஞ்சலில் யார் கை வைத்தது?

ராமாபுரத்திலும் மைசூரின் பிற பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் இன்று அலுவலகக் கணினியின் முன் அமர்ந்து பணி செய்கின்றனர். ஹெப்பாலிலும் நஞ்சன்கூட்டிலும் கணக்கு எழுதுவோர், பில் அனுப்புவோர், கொள்முதல் கவனிப்போர் எனப் பலர். அவர்களுக்காகவும், நாளை அந்த வேலைகளுக்குப் போகவிருக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் இந்தப் பாடம்.

மின்னஞ்சல் திருட்டு என்றால் பாஸ்வேர்டைத் திருடுவது என்றே நினைக்கிறோம். அது முதல் படி மட்டுமே. உள்ளே நுழைந்த திருடன் அடுத்ததாக மின்னஞ்சல் அமைப்புகளைச் சத்தமில்லாமல் மாற்றுகிறான். நமக்கு வரும் கடிதத்தின் நகல் தனக்கு வர வேண்டும். தன்னைக் காட்டிக் கொடுக்கும் கடிதம் நம் கண்ணில் படக்கூடாது. இவ்விரண்டுமே அவன் நோக்கம். வந்ததே தெரியாத கடிதத்தை யார் தேடப் போகிறார்கள்?

கும்பகோணம் தந்த பாடம்

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். வெளிநாட்டுப் பணப்பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்பின் வழியாக, சுமார் 20 லட்சம் டாலருக்கு மூன்று பொய்யான உத்தரவுகளைத் திருடர்கள் அனுப்பினார்கள். அதோடு, அந்த அமைப்புடன் இணைந்திருந்த பிரிண்டரையும் செயலிழக்கச் செய்தார்கள். ஒப்புகைச் செய்திகள் அச்சாகவில்லை. மறுநாள் கணக்கைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஓர் உத்தரவின் பணம் உடனே தடுத்து நிறுத்தப்பட்டது.

இது மின்னஞ்சலில் நடந்ததல்ல. ஆனால் தந்திரம் ஒன்றே. அங்கே பிரிண்டர் வாயடைத்தது. மின்னஞ்சலில் அதே வேலையை ஒரு 'ரூல்' செய்துவிடுகிறது.

எந்தெந்த இடத்தில் பார்ப்பது?

1. ரூல்ஸ்: வரும் கடிதங்களைத் தானாகப் பிரித்து வைக்க நாம் இடும் கட்டளைகள் இவை. 'இன்வாய்ஸ்', 'பேமெண்ட்', 'பேங்க்' ஆகிய சொற்கள் உள்ள கடிதங்களை நாம் திறந்தே பார்க்காத ஒரு ஃபோல்டருக்கு அனுப்பும்படியோ அழிக்கும்படியோ திருடன் ஒரு ரூல் எழுதுகிறான். அதற்கு வெறும் ஒரு புள்ளியைப் பெயராக வைப்பதும் உண்டு. பழைய அவுட்லுக்கில் 'ஃபைல்' பகுதியில் 'மேனேஜ் ரூல்ஸ் அண்ட் அலர்ட்ஸ்' என்பதிலும், ஜிமெயிலில் 'ஃபில்டர்ஸ்' என்பதிலும், தண்டர்பேர்டில் 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' என்பதிலும் பார்க்கலாம்.

2. ஃபார்வர்டிங்: எல்லாக் கடிதங்களின் நகலும் வெளி முகவரி ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். பிரவுசர் வழியாகவும் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும். அங்கே எழுதப்பட்ட ரூல் கணினியிலுள்ள மென்பொருளில் தெரியாமல் போகலாம் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2020இல் எச்சரித்தது.

3. பதில் முகவரியும் கையொப்பமும்: 'ரிப்ளை டு' முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 2015இல் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் பெயரில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிய போலி முகவரியிலிருந்து, நாஃப்தா வாங்கிய வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கடிதம் போயிற்று. சுமார் 197 கோடி ரூபாய் வேறு கணக்குக்குப் போனதாகச் செய்தித்தாள்கள் எழுதின. கையொப்பத்தில் வங்கிக் கணக்கு எண் இருந்தால் அதையும் சரிபாருங்கள்.

4. முகப்புப் பக்கம்: அவுட்லுக்கில் ஒரு ஃபோல்டருக்கு இணையப் பக்கம் ஒன்றை முகப்பாக வைக்கும் வசதி இருந்தது. அந்த முகவரியை மாற்றினால், அவுட்லுக்கைத் திறந்ததும் திருடனின் நிரல் ஓடும். மைக்ரோசாஃப்ட் 2017 அக்டோபரில் இதற்குத் திருத்தம் வெளியிட்டது. ஆனாலும் இதே ஓட்டையைப் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்க சைபர் கமாண்ட் 2019 ஜூலையில் எச்சரிக்க வேண்டி வந்தது. 'அப்டேட்' வரும்போதெல்லாம் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அறிகுறிகள்

நாம் திறக்காத கடிதம் படித்ததாகக் காட்டுவது, தினமும் எழுதும் பார்ட்டியிடமிருந்து திடீரென்று பதில் நின்றுபோவது, "நேற்று அனுப்பினேனே, பார்க்கவில்லையா?" என்று அவர் போனில் கேட்பது, நாம் எழுதாத கடிதம் 'சென்ட்' பகுதியில் இருப்பது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மேலே சொன்ன இடங்களை உடனே பாருங்கள்.

கண்டுபிடித்தால் என்ன செய்வது?

முதலில் எதையும் அழிக்காதீர்கள். திரையைப் படம் பிடித்து வையுங்கள்; அதுவே பிறகு சாட்சி. அடுத்து, கணினிப் பிரிவுக்கு நேரில் போய் அல்லது போனில் சொல்லுங்கள். மின்னஞ்சலில் எழுதினால் அதையும் திருடன் படிப்பான்! பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். ரூல் பெரும்பாலும் சர்வரில் தங்கியிருக்கும். பாஸ்வேர்ட் மாறினாலும், கணினியே மாறினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். எனவே ரூலை நீக்கி, எல்லா இடங்களிலும் 'சைன் அவுட்' செய்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் வைக்கும்படி கணினிப் பிரிவினரிடம் கேளுங்கள்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். இத்தகைய சம்பவங்களை நிறுவனம் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு உத்தரவு. ஆகவே பயந்து மறைப்பதால் நமக்கும் நன்மையில்லை, நிறுவனத்துக்கும் நன்மையில்லை.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. திருடன் எங்கோ இருக்கிறான். ஆனால் கடிதம் போனது நம் பெயரில். விசாரணையில் முதல் கேள்வி நம்மிடம்தான் வரும். ஊர் விட்டு ஊர் வந்து, நாணயத்தால் சம்பாதித்த நல்ல பெயர் நமக்குப் பெரிய சொத்து. முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் நாமாக இருந்தால் அந்தப் பெயர் நிற்கும்.

வங்கிக் கணக்கு எண் மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும், அந்தக் கடிதத்திலுள்ள எண்ணுக்கு அல்ல, நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிட்டே பணம் அனுப்புங்கள். கன்னடத்தில் இரண்டு நிமிடப் பேச்சு பல லட்சத்தைக் காக்கும்.

பயிற்சி

1. திங்கட்கிழமை அலுவலகம் சென்றதும் ரூல்ஸ் பட்டியலைத் திறந்து, நீங்கள் எழுதாதது ஏதேனும் உண்டா என்று பாருங்கள்.
2. பிரவுசரில் நுழைந்து ஃபார்வர்டிங் பகுதியைப் பாருங்கள்.
3. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது என்பது ஏன்? வீட்டில் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.