புள்ளியியலில் போலியும் புணர்ச்சியும்

பிறதுறை மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் தமிழைத் திருத்தித் தருமாறு என்னிடம் வந்தார். தமிழில் பிழை குறைவே. "தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் பெண்களின் எழுத்தறிவு ஆண்களினும் 13.33 புள்ளி குறைவு" என்ற முடிபுதான் என்னை நிறுத்தியது. கணக்குச் சரி, பொருள்கொண்ட முறை தவறு.

ரெக்ரஷன் எனப்படும் தொடர்புப் போக்குச் சமன்பாடு எண்களையே ஏற்கும். ஆண், பெண் என்பன எண்கள் அல்ல. ஆதலின் ஆணுக்கு 0, பெண்ணுக்கு 1 எனக் குறியிடுவர். இது போலி மாறி. போலி என்றவுடன் பொய் எனக் கொள்ள வேண்டா. அறம் என்பது அறன் என நிற்பதுபோல ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பதே போலி.

நம் ஒன்றியப் பகுதிக்குப் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என வட்டாரங்கள் நான்கு. ஒரே மாறியில் இவற்றிற்கு 1 முதல் 4 வரை எண்ணிட்டால் ஏனாம் புதுச்சேரியினும் நான்கு மடங்கு பெரிதெனக் கணிப்பொறி கருதும்! புதுச்சேரியை அடிப்படையாக நிறுத்தி, ஏனைய மூன்றுக்கும் தனித்தனிப் போலி மாறி அமைப்பதே முறை.

இனி மாணவியின் கணக்கிற்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் எழுத்தறிவு பெற்றோர் தமிழகத்தில் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44 விழுக்காடு; கேரளத்தில் ஆண்கள் 96.11, பெண்கள் 92.07. தமிழகத்து ஆணை அடிப்படையாகக் கொண்டால் சமன்பாடு இவ்வாறு அமையும்:

எழுத்தறிவு = 86.77 − 13.33 (பெண்) + 9.34 (கேரளம்) + 9.29 (பெண் × கேரளம்)

இறுதி உறுப்பே இடைவினை. அது இல்லையெனில் கேரளப் பெண்ணுக்கு 82.78 என்றே விடை வரும்; உண்மையோ 92.07. இவ்வுறுப்பு நிற்கும் சமன்பாட்டில் 13.33 என்பது தமிழகப் பெண்ணுக்கு மட்டுமே உரிய இடைவெளி. கேரளத்தில் அது 13.33 − 9.29, அதாவது 4.04. கேரளத்தை அடிப்படையாக்கினால் "பெண்" என்பதன் கெழுவே −4.04 ஆகிவிடும்; தரவு மாறவில்லை. இடைவினையை அறவே நீக்கி நான்கு எண்களுக்கும் சம மதிப்பளித்துக் கணக்கிட்டாலோ, இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 8.7 என ஓர் எண் பிறக்கும். அது எந்த மாநிலத்துப் பெண்ணுக்கும் உரியதன்று.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. பொன் என்னும் நிலைமொழி மலையோடு சேர்ந்தால் பொன்மலை. மாற்றமில்லை, இயல்பு புணர்ச்சி. குடத்தோடு சேர்ந்தால் பொற்குடம், விகாரம். பொன்னை மட்டும் நோக்கி இதனை அறிய இயலாது; வருமொழியையும் நோக்க வேண்டும். இடைவினைக் கெழு சுழியாயின் இயல்பு. அன்றேல் விகாரம் என்க. (விகாரத்திற்குக் காரணம் யாது என்பதை இவ்வெண் கூறாது. அது வரலாறு கூற வேண்டியது.)

நம் ஊர்க்கணக்கிலும் இவ்விழிப்பு வேண்டும். அதே 2011இல் ஒன்றியப் பகுதி முழுமைக்கும் ஆண்கள் 91.26, பெண்கள் 80.67; இடைவெளி 10.59. ஆயின் கேரளம் சூழ்ந்த மாகியின் மொத்த எழுத்தறிவு 97.87, ஆந்திரம் சூழ்ந்த ஏனாமில் 79.47. இவ்விரண்டிலும் பெண்ணின் பின்னடைவு ஒன்றே என்று எங்ஙனம் கொள்வது? வட்டாரந்தோறும் காண விரும்புவோர் பெண்ணோடு பெருக்கிய மூன்று உறுப்புகளை மேலும் சேர்த்தல் வேண்டும். பெண்கல்விக்கு நிதி ஒதுக்குவோர் 10.59ஐ மட்டும் கண்டால், பின்தங்கிய வட்டாரத்துச் சிறுமி சராசரிக்குள் மறைந்துபோவாள்.

மாணவி தம் தொடரைத் திருத்தி எழுதிவந்தார்: "இவ்விடைவெளி தமிழகத்தில் 13.33 புள்ளி, கேரளத்தில் 4.04 புள்ளி."