பகடிவதைப் புகாரும் பெற்றோர் கடமையும்

பள்ளிக்குச் செல்ல மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்து, பிரம்பைக் காட்டி அனுப்பிவைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஆனால் காலைதோறும் வயிற்று வலி என்பதும், கொடுத்தனுப்பிய காசு காணாமற்போவதும், சட்டை கிழிந்து வருவதும் பகடிவதையின் அறிகுறிகளாக இருக்கலாம். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் பெற்றோர் கண்ணில் இவை படாமற்போவது இயல்பே. ஆகவே மாலையில் பிள்ளையோடு சற்று அமர்தல் வேண்டும். “நீ என்ன செய்தாய்?” என்று தொடங்கினால் பிள்ளை வாய் திறவாது. “ஓய்வு நேரத்தில் எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய்?” என்று கேட்டால் உண்மை மெல்ல வெளிவரும்.

செய்தி தெரிந்ததும் நம்மவர் பலர் செய்வது என்ன? அடித்த பையனின் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான்! இரு தந்தையரும் ஒரே பிரட்டுக் களத்தில் பெயர் கொடுப்பவர்கள். பிள்ளைகளின் தகராறு அந்திக்குள் லயத்துச் சண்டையாகிறது. இரு குடும்பங்களும் பேச்சை நிறுத்திக்கொள்கின்றன. பள்ளியிலோ ஒரு பதிவும் இல்லை. மறுநாள் அப்பிள்ளை அதே வகுப்பில், அதே பையனோடுதான் இருக்க வேண்டும். ஆத்திரத்தில் பிறர் பிள்ளையை அடித்துவிட்டாலோ, குற்றவாளி நாமே ஆவோம்.

புகாரை அன்றே வகுப்பாசிரியரிடம் கூறி, பின்னர்த் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்தல் வேண்டும். “எப்பொழுதும் அடிக்கிறான்” என்று எழுதுவதில் பயன் குறைவு. “செவ்வாய்க்கிழமை ஓய்வு நேரத்தில், சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் காசைப் பறித்தான், இன்னார் கண்டார்” என்று எழுதினால் விசாரிக்க இடமுண்டு. நகல் ஒன்று நம்மிடம் இருக்கட்டும். எழுத இயலாதவர் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரின் உதவியை நாடலாம். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் காட்டுவது அவசியம். கடுங்காயமாயின் போலீசிலும் புகார் செய்தல் வேண்டும்.

இரு பிள்ளைகளையும் தனித்தனியே விசாரிப்பதே முறை. எதிரெதிரே நிறுத்தினால் அஞ்சிய பிள்ளை ஒன்றும் நடக்கவில்லை என்றே கூறிவிடும். உடனே பிரம்படி கொடுக்க வேண்டுமென நாம் வற்புறுத்துவதும் சரியன்று. 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி, தலைமையாசிரியரும் அவர் அதிகாரமளித்த ஆசிரியரும் தவிர வேறெவரும் பிரம்பைத் தொடலாகாது. பெண்பிள்ளைகளுக்குப் பிரம்படியே கூடாது. பகடிவதையைக் குற்றமாக்கும் புதிய பிரிவுகள் 2025இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. எனினும் 10 வயது நிரம்பாத பிள்ளையின் செயல் அச்சட்டப்படி குற்றமாகாது. எனவே இரண்டாம் ஆண்டு மாணவனைத் திருத்தும் பொறுப்பு பள்ளிக்கும் பெற்றோருக்குமே உரியது.

பள்ளி பதில் கூறாவிடில், கடித நகலுடன் மாவட்டக் கல்வி அலுவலகத்தை அணுகலாம். ஒருவேளை நம் பிள்ளையே அடித்தவன் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வருமாயின், ஒருநாள் வேலை போயினும் நாம் சென்றே ஆக வேண்டும்.