கண்ணிலார்க்கு வழிநடை பயிற்றல்

கண்ணொளி இழந்தார் ஒருவரைத் தெருவிற் கண்டால், கைபற்றி அழைத்துச் செல்லுதலே அறமென நம்மிற் பலர் கருதுவர். அஃது அறமே. ஆயினும், ஒரு கடிதத்தை அஞ்சலிற் சேர்ப்பதற்கும் பிறரது வரவை நோக்கி வாயிலில் அமர்ந்திருப்பவர், தம் பொழுதைத் தாம் ஆளும் உரிமையை இழந்தவராவர் அன்றோ? அழைத்துச் செல்லுதல் வேறு. தாமே செல்லக் கற்பித்தல் வேறு. பின்னதை ஒரு கல்வியாக வகுத்த வரலாற்றினை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இரண்டாம் உலகப் போரில் விழியிழந்த அமெரிக்க வீரர் பலர், பென்சில்வேனியா மாநிலத்து வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றனர். மேரிலாந்துக் கண்ணிலார் பள்ளியில் முன்னர் ஆசிரியராயிருந்த ரிச்சர்டு ஹூவர் என்பார், அங்கு அவர்க்கு நடை பயிற்றினார். கைத்தடியை உடல் தாங்கும் ஊன்றுகோலாகக் கொள்ளாது, நிலத்தைத் துழாவி அறியும் கருவியாகக் கொண்டமையே அவர்தம் புதுமை. அதற்கென நீண்டதும் கனம் குறைந்ததுமான கோலை அமைத்தார்.

அதனைக் கையாளும் முறை வருமாறு: கோலேந்திய கை உடலின் நடுவே நிற்க, மணிக்கட்டு மட்டும் அசைதல் வேண்டும். கோல்நுனி, தோளகலத்தினும் சற்று மிகுதியாக வில்போல் வளைந்து இருபுறமும் நிலத்தைத் தொடும். வலக்கால் முன்செல்லுங்கால் கோல் இடப்புறத்தைத் தொடும். இடக்கால் செல்லுங்கால் வலப்புறத்தைத் தொடும். இவ்வாறு, அடுத்த அடி வைக்கும் இடத்தைக் கோல் முன்னரே ஆராய்ந்துவிடும். எனினும், தலையளவில் தாழ்ந்து நிற்கும் மரக்கிளையை அது காட்டாது.

கோலுக்குத் துணையாவது செவி. கண்ணிலார் எதிர்ப்படும் சுவரை முகத்தின் தோலால் உணர்கின்றனர் என்று முன்னர்ப் பலர் நம்பினர். கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1944-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, செவியை அடைத்தவழி அவ்வுணர்வு ஒழிதலைக் காட்டிற்று. ஆதலின் காலடியோசை சுவரிற்பட்டு மீளுதலைக் கேட்டறிதலும், தம் வழிக்கு இணையாகச் செல்லும் வண்டிகள் புறப்படும் ஒலியை ஓர்ந்து வீதியைக் கடத்தலும் பாடங்களாயின.

இனி, ஆசிரியர் கற்க வேண்டுவது யாது? இல்லினாய் மாநிலத்து ஹைன்ஸ் மருத்துவமனையில் 1948-இல் பயிற்சி நிலையம் ஒன்று தோன்றிற்று. போரில் விழியிழந்த ரஸ்ஸல் வில்லியம்ஸ் அதன் முதல் தலைவரானார். 1960-இல் பாஸ்டன் கல்லூரி இவ்வாசிரியர்க்கெனப் பட்ட மேற்படிப்பைத் தொடங்கிற்று. பயில்வோர் தம் கண்ணைக் கட்டிக்கொண்டு, கோலேந்தித் தெருவில் நடந்து பழகுவர். சில நாழிகை கண்ணை மூடினமையால் கண்ணிலார் வாழ்வை முற்றும் அறிந்தோம் என்று எண்ணுதல் பேதைமை. கோலையும் செவியையும் நம்பலாம் என்னும் துணிவு பெறுதலே அதன் பயன்.

அதனினும் அரியது, கை நீட்டாதிருத்தல். மாணவர் திரும்ப வேண்டிய தெருவைத் தவறவிட்டுச் செல்லுங்கால், பின்வரும் ஆசிரியர் உடனே அழைத்தால், மாணவர் கற்பது ஆசிரியரின் குரலையே, வழியை அன்று. வெயில் படும் கன்னம், நடைபாதையின் சரிவு, கடையினின்று வரும் மணம் ஆகியவற்றால் பிழையைத் தாமே உணர்ந்து மீளும்வரை அவர் பொறுத்தல் வேண்டும். இடர் நேருமிடத்து மட்டும் தடுத்தல் கடன்.

கண்ணுடையாரே இதனைக் கற்பித்தற்கு உரியர் என்று தொடக்கத்தில் விதித்திருந்தனர். பின்னர், கண்ணிலாரும் இவ்வாசிரியத் தொழிலிற் பயின்று சிறந்தனர். மாணவரைத் தம்மை வேண்டாதவராக்குதலே இவ்வாசிரியரின் வெற்றி என்க.

நாமும் ஒன்று செய்தல் கூடும். வழியிற் கண்ணிலாரைக் கண்டால், கையைப் பற்றுமுன், உதவி வேண்டுமோ என வினவுவோம். வேண்டா என்பாராயின், அவர் செல்லும் வழியை விட்டு விலகி நிற்போம்.