சதுரங்கக் கணினியின் ரோமைப் பிரதி எடுத்தல்



பழைய சதுரங்கக் கணினிகளின் ஆட்ட அறிவு முழுவதும் ஓரிரு ரோம் சிப்புகளுக்குள் இருக்கிறது. மாஸ்க் ரோமில் நிரல் தொழிற்சாலையிலேயே பதிந்துவிடுவதால் அது எளிதில் அழியாது. ஈப்ரோமிலோ நிரலைத் தாங்குவது சிறைப்பட்ட மின்னூட்டம். ஆண்டுகள் போகப் போக அது கசியும். ஈப்ரோமின் சாளரத்தை மூடிய ஒட்டுத்தாள் அலங்காரத்துக்கு அன்று. புறஊதா ஒளி நீடித்துப் பட்டால் நிரல் போய்விடும்.

பிரதி எடுக்கும்போது, சிப்பின் எண்ணை மட்டும் பார்த்து அதைப் படிக்கும் கருவியான புரோகிராமரில் செருகுவது மடமை. இன்டெல்லின் 2716 ஈப்ரோமைப் படிக்க 5 வோல்ட் போதும். டல்லஸின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விற்ற டிஎம்எஸ்2716-க்கு +5, −5, +12 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். இன்டெல்லுக்கு இணையாக அந்த நிறுவனம் தந்த சிப்பின் எண் 2516! இன்டெல்லுக்கென அமைத்த புரோகிராமரில் டிஎம்எஸ்2716-ஐச் செருகினால், −5 வேண்டிய 21-ஆம் பின்னில் +5 ஏறும், சிப் கெடலாம்.

சிப்பைப் பலமுறை படித்து ஒப்பிட வேண்டும். முடிவுகள் மாறினால் சில செல்கள் தளர்ந்திருக்கக்கூடும். மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்தால் அவை பல வேளைகளில் சரியாக வாசிக்கும். எல்லாப் பிட்டும் 1 என்று வந்தால் சிப் வெறுமையாக இருக்கிறது, அல்லது படிக்கப்படவே இல்லை.

இப்படிப் பிரதி எடுப்பது அமெரிக்கச் சட்டப்படி சரியா? இதைத் தொட்ட தொடக்ககால வழக்கே ஒரு சதுரங்கக் கணினியைப் பற்றியது. டேட்டா கேஷ் சிஸ்டம்ஸ் விற்ற காம்ப்யூசெஸின் நிரல், ஜேஎஸ் அண்ட் ஏ நிறுவனம் விற்ற கணினியின் ரோமில் அப்படியே இருந்தது. மனிதக் கண்ணால் படிக்க இயலாத ரோம் சட்டம் கருதும் ‘பிரதி’ ஆகாது என்று 1979-இல் இல்லினாய் மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காரணத்தைச் சாராமல், பதிப்புரிமை அறிவிப்பு இல்லை என்று சொல்லி அதே முடிவை உறுதிசெய்தது. ரோமை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இதைச் சான்று காட்டுவோர் இன்றும் உண்டு. அவர்கள் 1983 வரை வாசிப்பதே இல்லை. அந்த ஆண்டு, நியூ ஜெர்சியின் ஃபிராங்ளின் நிறுவனத்தின் மீது குப்பர்டினோவின் ஆப்பிள் தொடுத்த வழக்கில், ரோமிலுள்ள நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சேகரிப்பாளருக்குத் துணை நிற்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 1980 திருத்தத்தில் வந்த 117-ஆம் பிரிவு. நிரலின் பிரதியை உடையவர் காப்புக்காக மற்றொன்று எடுத்து வைக்கலாம். கணினியை விற்கும்போது காப்புப் பிரதியும் அதனோடு போக வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும்.