கடனும் கல்வியும்

நுழையும்முன்

கல்விக்கூடம் எழுப்பப் பொருள் வேண்டும். அப்பொருள் கொடையாக வருவதும் உண்டு. கடனாக வருவதும் உண்டு. கடன் கொடுப்போர் கருத்தும் கொடுப்பர். அக்கருத்து உயர்கல்வியை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கோவில் வளர்த்த கல்லூரி

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதனை நிறுவியது குற்றாலநாதர் திருக்கோவில் தேவத்தானம். மலையடிவாரச் சிற்றூர்ப் பெண்கள் நெடுந்தொலைவு செல்லாமல் பட்டம் பெற அது வழிவகுத்தது. கோவிலின் செல்வம் கல்விச் செல்வமாயிற்று.

கடனோடு வந்த கருத்து

உலக வங்கி 1994இல் உயர்கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தனியார் கல்லூரிகள் பெருக வேண்டும். கல்விச் செலவில் ஒரு பங்கை மாணவரே ஏற்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகள். இந்திய நிதி அமைச்சகம் 1997இல் வெளியிட்ட மானியங்கள் குறித்த அறிக்கையும், தொடக்கக் கல்விக்கே மானியத்தில் முதன்மை தந்தது. உயர்கல்வியைப் பின்னுக்குத் தள்ளியது. கல்வியாளர் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். உலக வங்கியும் யுனெஸ்கோவும் கூட்டிய வல்லுநர் குழு 2000ஆம் ஆண்டில், உயர்கல்வியால் சமூகம் அடையும் பயன் குறைவாக மதிப்பிடப்பட்டதை ஒப்புக்கொண்டது. அறிவுரை கூறுவோரின் கருத்தும் காலத்தால் மாறும் என்பதற்கு இது சான்று.

திட்டமும் நிபந்தனையும்

உலக வங்கிக் கடனுதவியுடன் தொழில்நுட்பக் கல்வித் தர மேம்பாட்டுத் திட்டம் மூன்று கட்டங்களாக 2021 வரை நடைபெற்றது. ஆய்வகங்கள் புதுப்பிக்கப்பட்டன, ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். இவற்றோடு, கல்லூரிகள் தன்னாட்சியும் தர அங்கீகாரமும் பெற வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. மூன்றாம் கட்டத்தில் பின்தங்கிய மாநிலங்களின் பொறியியல் கல்லூரிகளுக்கு இளம் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். திட்டம் முடிந்தபோது, அவர்கள் பணித் தொடர்ச்சி வேண்டிப் போராட நேர்ந்தது. கடன் தொடங்கிவைக்கும் பணியை நிலைநிறுத்த வேண்டியது அரசின் பொறுப்பு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

சிந்திக்க

வெளிநாட்டுக் கடன் முற்றிலும் தீதன்று. அதன் நன்மைகள் கண்கூடு. ஆயினும், கடனை அடைப்பது மக்களின் வரிப்பணம். ஆதலால், நிபந்தனைகளை ஆராய்ந்து ஏற்கவும் மறுக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. கட்டணம் உயருமாயின் முதலில் படிப்பை இழப்பது ஏழை வீட்டுப் பெண்ணே. எந்தச் சீர்திருத்தத்தையும் அவள் நிலையில் நின்று அளந்து பார்ப்பதே அறிவுடைமை.