கம்ப்ரசர் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் அளக்கலாம்!

மாமல்லபுரம் சிற்பக்கூடங்களில் இன்று சுத்தியல், உளியோடு கிரைண்டரும் கம்ப்ரசரும் சேர்ந்து ஒலிக்கின்றன. எனக்குத் தெரிந்த ஸ்தபதி ஒருவரின் பட்டறையில், காற்றழுத்த உளிக்கான கம்ப்ரசர் ஓடினால் பக்கத்து வீட்டுப் பெண்ணால் பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை. நிறுத்தினால் வேலை நிற்கும். எனவே கம்ப்ரசருக்கு ஒரு பெட்டி செய்தோம். பலன் இருக்கிறதா என்பதைக் கம்ப்யூட்டரில் சோதித்தோம். நீங்களும் செய்யலாம்.

பெட்டி செய்யும் முறை

சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும். 18 மி.மீ. ப்ளைவுட்டில் பெட்டி செய்து, உட்புறம் ராக்வுல் வைத்துத் துணியால் மூடுங்கள். தெர்மாகோல் வேண்டாம், அதற்கு எடையும் இல்லை, ஒலியையும் உறிஞ்சாது. கம்ப்ரசர் பெட்டியில் எங்கும் படக்கூடாது. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள்.

முழுவதும் அடைத்தால் மோட்டார் சூடாகிக் கெட்டுவிடும். காற்று வர ஒரு வழி, போக மின்விசிறியுடன் ஒரு வழி அவசியம். இரண்டையும் வளைந்து செல்லும் மரக்குழாயாக அமைத்து, உள்ளே ராக்வுல் ஒட்டினால் காற்று போகும், சத்தம் குறையும்.

அளக்கும் முறை

1. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் மைக்கிற்கான ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் வசதியை நிறுத்துங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டரே சத்தத்தைக் குறைத்துக் காட்டலாம்.

2. மைக் வைக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, சிவப்பு ரெக்கார்ட் பட்டனை அழுத்தி 20 விநாடி பதியுங்கள். அலைகள் மேல் விளிம்பைத் தொட்டால் மைக் அளவைக் குறைத்து மறுபடி பதியுங்கள். பிறகு சேவ் செய்யுங்கள்.

3. பெட்டி வைத்தபின் அதே இடத்தில், அதே மைக் அளவில் மீண்டும் பதியுங்கள்.

4. அனலைஸ் மெனுவில் கான்ட்ராஸ்ட் தேர்ந்தெடுங்கள். முதல் பதிவை மவுஸால் தேர்வு செய்து போர்கிரவுண்ட் வரிசையிலும், இரண்டாவதை பேக்கிரவுண்ட் வரிசையிலும் மெஷர் பட்டனை அழுத்துங்கள். டிஃபரன்ஸ் என்பதே குறைந்த டெசிபல். 'ஃபெயில்' என்று வந்தால் பயப்படாதீர்கள். அது வேறு சோதனைக்கானது.

எங்களுக்கு முதலில் 6 டெசிபல்தான் குறைந்தது. காரணம், கதவைச் சுற்றி இருந்த இடுக்கு! ரப்பர் பட்டை ஒட்டியதும் 13 ஆனது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தோன்றும்.

கவனிக்க வேண்டியவை

இந்த முறை வித்தியாசத்தை மட்டுமே காட்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு வைத்துள்ளன. அதைச் சரிபார்க்க ஒலிமானி வேண்டும்.

கிரைண்டரைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. அதைப் பிடிப்பவர் காதுக் கவசமும், கல் தூசிக்கு முகக் கவசமும் அணிய வேண்டும். சத்தத்தால் போன கேட்கும் திறன் திரும்ப வராது.

ஸ்தபதியின் கம்ப்ரசர் இப்போது மாலையிலும் ஓடுகிறது. பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்திருக்கிறது!