புரட்டாசி அடுப்பு: கறம்பக்குடித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

புரட்டாசி பிறந்ததும் வீட்டில் கறி நின்றுவிட்டது, அம்மா வேலை முடிந்து வர இருட்டிவிடுகிறது, அதனால் அடுப்பு என் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: மீல் மேக்கர் பிரட்டல் அப்படியே ஆட்டுக்கறி மாதிரி வர என்ன சேர்க்க வேண்டும்? புதிதாகக் கரண்டி பிடிக்கும் பலரும் கேட்கும் கேள்விதான் இது. அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எதையும் சேர்க்க வேண்டாம். கறி மாதிரி வர வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடு. இந்தப் பண்டம் பல வீடுகளில் கெட்டுப்போவது அந்த எண்ணத்தால்தான். கறி மணம் வரவில்லையே என்று கரம் மசாலாவை அள்ளிப் போடுகிறார்கள். அதுவும் போதாமல் சோம்பு, பட்டை, கடையில் விற்கும் மட்டன் மசாலாப் பொடி எல்லாம் சேர்கின்றன. கடைசியில் வாயில் மிஞ்சுவது பொடியின் கமறலும், நடுவே சப்பென்று ஓர் உருண்டையும்தான்.

நீ சமைக்கும் பொருள் என்னவென்று தெரிந்துகொள். மீல் மேக்கர் சோயாவிலிருந்து வருவது; சோயா ஒரு பயறு. ஆலையில் அதிலிருந்து எண்ணெயை எடுத்த பிறகு கொழுப்பு நீங்கிய மாவு மிஞ்சுகிறது. அந்த மாவில் தண்ணீர் கலந்து, சூடும் அழுத்தமும் மிகுந்த இயந்திரத்துக்குள் திருகித் தள்ளுகிறார்கள். துளை வழியாக மாவு வெளியே வரும் கணத்தில், உள்ளே அடைபட்டிருந்த ஈரம் ஆவியாகிச் சீறிப் பாய்கிறது. மாவு உப்பி, நாரும் துளையுமாக இறுகிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் அட்கின்சன் இந்த முறையை 1960-களில் உருவாக்கினார். 1970-இல் காப்புரிமை கிடைத்தது. இறைச்சி போன்ற ஒன்றைச் செய்வதுதான் அவருடைய நோக்கம். கடிக்கும்போது தட்டுப்படும் நாரை அவர் கொண்டுவந்துவிட்டார். ஆட்டுக்கறியின் ருசியோ கொழுப்பிலும் எலும்பிலும் இருக்கிறது. கொழுப்பு நீக்கிய மாவில் அதைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

நம் நாட்டில் சோயாவைப் பற்றிய பேச்சு அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 1935-இல் வார்தாவின் மகன்வாடியில் காந்தி சோயாப் பயற்றை அன்றாடச் சாப்பாட்டில் சேர்த்துச் சோதித்தார்; 'ஹரிஜன்' இதழில் அதைப் பற்றி எழுதவும் செய்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கிராமத் தொழில் சங்கத்தின் பொறுப்பில் இருந்ததும் அதே மகன்வாடியில்தான். அவர்கள் கறிக்கு மாற்று எதையும் தேடவில்லை. ஏழை வீட்டுச் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கச் சத்துள்ள ஒரு பயறு வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. 1960-களில் ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்கள் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் உதவியோடு இதை ஆராய்ந்து பரப்பிய பிறகு, மத்தியப் பிரதேசம் சோயா பூமியாகவே மாறியது. இன்று நம் பள்ளிச் சத்துணவின் கலவைச் சாதப் பட்டியலிலும் மீல் மேக்கர் போட்ட காய்கறிச் சாதம் இருக்கிறது. உனக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பயற்றைச் சமைப்பதுபோல இதைச் சமை. அதற்குரிய எல்லாப் பக்குவமும் அந்த எண்ணத்திலிருந்தே வந்துவிடும்.

பயறென்றால் முதல் வேலை ஊறவைப்பது. இதில்தான் பாதிச் சமையல் இருக்கிறது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நாலு பேருக்கு 100 கிராம் தாராளம். ஊறினால் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கல் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே போடு. அடுப்பை அணைத்த பிறகு உருண்டைகளைக் கொட்டி மூடு. பெரிய உருண்டைக்குக் கால் மணி நேரம், சின்னதற்கு அதில் பாதி. ஓர் உருண்டையைப் பிய்த்துப் பார். நடுவில் வெளிர்நிறமாக வறண்ட பொட்டு தெரிந்தால் இன்னும் ஊறட்டும். குக்கரில் வைத்து விசில் விடாதே, நார் தளர்ந்து கொழகொழத்துவிடும். உப்பை இந்த நேரத்திலேயே போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு குழம்பில் போடும் உப்பு உள்ளே மெதுவாகத்தான் இறங்கும். உள்ளே உப்பில்லாத உருண்டையைக் காரமான மசாலாவில் போட்டால், நாக்குக்கு முதலில் எரிச்சல் தெரியும், அடுத்த கடியில் சப்பென்றாகிவிடும்.

ஊறிய பிறகு பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழி. மறுபடி தண்ணீர் விட்டுப் பிழி. பிழியும் தண்ணீர் தெளியும்வரை விடாதே. சோயாவுக்கு ஒரு பச்சைப்புல் வாடை உண்டு. பயறு உடைபடும்போது அதிலுள்ள நொதி கொழுப்போடு சேர்ந்து உண்டாக்கும் வாடை அது. எண்ணெய் எடுத்த மாவிலும் அதன் மிச்சம் இருக்கும். சுடுதண்ணீர் அதை வெளியே இழுக்கும், உன் கை பிழிந்து தள்ளும். வயிற்றில் வாயு உண்டாக்கும் சில சர்க்கரைகளும் அந்தத் தண்ணீரோடு போகும். அதனால் அதைக் குழம்பில் சேர்க்காமல் கீழே ஊற்றிவிடு. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் உருண்டை உடையாமல் தண்ணீர் மட்டும் வெளியேறும். துளைகளில் தண்ணீர் நின்றுவிட்டால் மசாலா உள்ளே போக இடமே இருக்காது. பெரிய உருண்டையாக இருந்தால் பிழிந்த பிறகு இரண்டாக நறுக்கிக்கொள்.

இனி காரத்துக்கு வருவோம். உன் ஊர் பட்டுக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் தஞ்சாவூர்ச் சீமையின் தேங்காய் அரைத்த குழம்பு, இன்னொரு பக்கம் செட்டிநாட்டின் வறுத்தரைத்த மசாலா. இரண்டும் உன் வீட்டுக்கு எட்டும் தூரம்தான். அந்த வசதி எல்லா ஊர்க்காரருக்கும் வாய்ப்பதில்லை.

பொட்டலப் பொடியை ஒதுக்கிவைத்து நீயே வறு. 8 காய்ந்த மிளகாய் போதும். ராமநாதபுரம் முண்டு மிளகாய் கிடைத்தால் வாங்கு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. ஒன்றரைத் தேக்கரண்டி மல்லி, சீரகமும் சோம்பும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, இரு விரலால் எடுக்கும் அளவு கல்பாசி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில் வறு. மல்லி சிவக்க எடுக்கும் நேரத்தில் மிளகாய் கருகிவிடும். கருகிய மிளகாயின் கசப்பை அதன்பின் எதைப் போட்டும் மாற்ற முடியாது. கல்பாசி எண்ணெயில் பட்டால்தான் மணக்கும். கை தாராளமாகப் போனால் மண் வாடை அடிக்கும்.

மிளகை இவற்றோடு சேர்க்காதே. அதைத் தனியாக, கரகரப்பாக இடித்து வைத்துக்கொள். மிளகின் மணம் சூட்டில் பறந்துவிடும், உறைப்பு மட்டும் நிற்கும். மணமும் வேண்டுமென்றால் இறக்கும் நேரத்தில் தூவ வேண்டும். போர்ச்சுகீசியர் மிளகாயைக் கொண்டு வரும்வரை நம் அடுப்புகளில் காரத்துக்கு மிளகுதான் இருந்தது. மிளகுக்கு நீ மலைக்குப் போக வேண்டியதுமில்லை. ஆலங்குடிப் பக்கம் வடகாட்டில் சமவெளித் தோப்பிலேயே மரத்தில் கொடி ஏற்றி மிளகு எடுக்கிறார்கள். உன் பக்கத்து ஊர்க்காரர் விளைவித்த மிளகை வாங்கி இடித்துப் பார், கடைப் பொடிக்கும் அதற்கும் உள்ள தூரம் உனக்கே புரியும்.

மிளகாயின் எரிப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே அரைத்த மசாலாவை நேரே தண்ணீரில் கலக்காமல் எண்ணெயில் வதக்கு. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வை. கடலை விளையும் சீமையில் இருந்துகொண்டு வேறு எண்ணெய் தேடுவானேன்? இருப்புச்சட்டியில் முதலில் பிழிந்த உருண்டைகளை மட்டும் போட்டு, ஓரம் சிவந்து மேல்பக்கம் காயும்வரை வதக்கித் தனியே எடுத்து வை. பலர் விட்டுவிடும் படி இது. இந்த வதக்கலால்தான் கடித்தால் பல்லுக்குப் பிடிகொடுக்கும் பதம் வரும். அடுத்து, அதே சட்டியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் 150 கிராமும் பத்துப் பல் பூண்டும் போட்டுப் பொன்னிறமாக வதக்கு. விரதக்காரருக்கு என்றால் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இஞ்சி, பெருங்காயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ருசி மாறும், ஆனால் குறையாது. இரண்டு தக்காளி கரைந்ததும் மசாலாவைப் போட்டு, பச்சை வாசனை போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை பொறுத்திரு. அந்தக் கட்டத்தில் உருண்டைகளைச் சேர்த்து, ஒன்றரை டம்ளர் வெந்நீர் விட்டு, மூடி போட்டுச் சிறு தீயில் வைத்துவிடு.

தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்தில் தேங்காய் இல்லாத குழம்பை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வீசிய பிறகு, தோப்பு வைத்திருந்த குடும்பங்களே காசு கொடுத்துத் தேங்காய் வாங்கும் நிலை வந்தது. வீழ்ந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்று காய்க்க ஆண்டுக்கணக்காகும். நாற்பது ஆண்டு மரத்தை இழந்தவர் வீட்டு அடுப்பில் ஒரு மூடித் தேங்காய்க்கு என்ன மதிப்பு என்பது உனக்குத் தெரியும். எனவே தாராளமாக அரைத்து ஊற்றாதே. இந்தப் பிரட்டலுக்கு மூன்று கரண்டித் துருவல் போதும், அதையும் சோம்போடு சேர்த்துச் சிவக்க வறுத்து அரை. இல்லாத நாளில் ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரியை உடைத்த குருணை நாலைந்து, அல்லது வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு கைப்பிடி. பயற்றோடு கடலை நன்றாகவே சேரும். எனக்குத் தேங்காயைவிட அதுதான் பிடிக்கும்.

சுண்டி வரும்போது அவசரப்பட்டு முழுக்க வற்றவிடாதே. இறக்கிய பிறகும் உருண்டைகள் குழம்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீ விரும்பும் பதத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இடித்த மிளகைத் தூவி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு இறக்கி, அரை மணி நேரம் மூடி வை. அந்த அரை மணியில் உப்பும் உறைப்பும் நடுவரை இறங்கும். ரசம் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. மறுநாள் பழைய சோற்றுக்கு வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தால் இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடு. ஈரம் நிறைந்த பண்டம், நம் வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். ஊறவைத்துப் பிழிந்ததையும் வெளியே வைத்திருக்காதே.

அம்மாவுக்குச் சத்து வேண்டும் என்று எழுதியிருந்தாயே. பொட்டலத்தில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது காய்ந்த உருண்டைக்கான கணக்கு. நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 12, 13 கிராம் வரும். அதுவே நல்ல அளவுதான். உடம்புக்குத் தேவையான அமினோ அமிலங்கள் அனைத்தும் சோயாவில் இருக்கின்றன. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும், மற்ற நாட்களில் துவரையும் தட்டைப்பயறும் கொள்ளும் இருக்கட்டும். வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், மாத்திரை போட்ட கையோடு சோயா சாப்பிட வேண்டாம், மருந்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல். சோயா ஒத்துக்கொள்ளாத உடம்பும் உண்டு. புதிதாக வருகிறவர்களிடம் கேட்டுவிட்டுப் பரிமாறு.

வாங்கும்போது பொட்டலத்தின் தேதியைப் பார். உதிரியாக விற்பதை வாங்கினால் மோந்து பார். சிக்கடித்த வாடையோ வண்டின் தூளோ இருந்தால் வேண்டாம். வெளிர் மஞ்சளாக இருப்பதே நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பந்தியில் வைக்கும்போது "கறி மாதிரியே இருக்கும், சாப்பிட்டுப் பாருங்கள்" என்று சொல்லாதே. விரதம் இருப்பவருக்கு அந்தப் பேச்சே மனத்தைச் சங்கடப்படுத்தும். பிறந்ததிலிருந்து கறி தொடாதவர் கையை இழுத்துக்கொள்வார். கறி ருசி கண்டவரோ முதல் கடியிலேயே ஒப்பிட்டுப் பார்த்து ஏமாந்துபோவார். மூன்று பேரையும் நீ இழக்க வேண்டாம். மீல் மேக்கர் மிளகுப் பிரட்டல் என்று அதன் பெயரைச் சொல்லியே பரிமாறு.

அன்புடன்,
உன் அக்கா